ஒன்பதாம் வார்டில் நான்கு புள்ளிகள்

ஜூன் 3

இன்று முதல் எனக்கு நாற்காலி. இதை முதல் வரியிலேயே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை. வார்டில் நர்ஸுக்கு நாற்காலி உண்டு, அதில் உட்காரத்தான் நேரம் கிடையாது. எலும்பு டாக்டர் என் இரண்டு முழங்கால்களையும் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தேய்மானம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நிற்கக் கூடாது, படி ஏறக் கூடாது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, நிற்காமலும் ஏறாமலும் ஒரு நர்ஸ் அதுவரை என்ன செய்வாள் என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பதில் டீனிடமிருந்து வந்தது. எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் இருந்த பழைய துணி ஸ்டோரைக் காலி செய்து, பெரிய திரை ஒன்றை மாட்டி, ஏ.சி. போட்டிருக்கிறார்கள். ஏ.சி. கம்ப்யூட்டருக்காக. எனக்குக் கிடைப்பது மிச்சம். எங்கள் பெரிய ஆஸ்பத்திரி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரி, மலையடிவாரத்து நெஞ்சக ஆஸ்பத்திரி, இந்த மூன்றிலும் உள்ள ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் சின்ன டாக்டர்கள், எல்லோருக்கும் ஆளுக்கொரு போன் கொடுத்திருக்கிறார்கள். போன் வைஃபையில் வேலை செய்கிறது. எந்த போன் எந்த வார்டில், எந்தப் படுக்கையோரம் இருக்கிறது என்று என் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். சும்மா இருந்தால் பச்சை, வேலையில் இருந்தால் சிவப்பு.

வார்டு நர்ஸ் தன் மெஷினில், இன்ன படுக்கைக்கு ரத்தம் எடுக்க வேண்டும், இன்னாருக்கு டிரிப் ஊசி மாற்ற வேண்டும் என்று போடுவாள். அது என்னிடம் வரும். நான் ஒரு பச்சைப் புள்ளியைத் தொட்டால் அந்த டாக்டரின் போன் அடிக்கும். அவர் ‘ஏற்றேன்’ என்று அமுக்குவார். வேலை முடிந்ததும் ‘முடிந்தது’ என்று அமுக்குவார். முன்பெல்லாம் சின்ன டாக்டரைத் தேடி வார்டு ஆயா கேன்டீன், ஹாஸ்டல், டீக்கடை என்று ஒரு சுற்று போய்வர வேண்டும். திரும்பி வருவதற்குள் நோயாளிக்குப் பாதி குணமாகியிருக்கும்.

சோதனை முயற்சி என்றார் டீன். நன்றாக நடந்தால் மற்ற மாவட்டங்களுக்கும் போகும், நடக்காவிட்டால் நீங்கள் வார்டுக்குப் போக வேண்டியிருக்கும் தங்கபுஷ்பம் சிஸ்டர் என்றார். நடக்கும் சார் என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக எதற்கும் உறுதி கொடுத்ததில்லை.

ஜூன் 4

இடுப்பு வலி. முழங்கால் வலி இல்லை. லாபம்தான்.

ஜூன் 9

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கப்போகிறேன். வார்டில் இருந்தபோது நானே செய்திருக்கிறேன், எல்லா நர்ஸும் செய்வோம்: மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளாத டாக்டர் யாரோ, வேலை எல்லாம் அவர் தலையில். சிடுசிடுப்பவர் ஜாலியாக டீ குடிப்பார். இந்த நாற்காலியில் அது நடக்காது. எனக்கு முகமே தெரியாது, புள்ளிதான் தெரியும். புள்ளி சிடுசிடுக்காது. முறை வைத்து அனுப்புகிறேன், இவருக்கு ஒன்று அவருக்கு ஒன்று. எனக்கே என் மேல் மரியாதை வருகிறது.

நெஞ்சக ஆஸ்பத்திரியில் ஒரு பச்சைப் புள்ளி சாப்பாட்டுக்குப் பிறகு அசைவதே இல்லை. மூன்று முறை அடித்தேன். நான்காவது முறை எடுத்து, “என்ன சிஸ்டர், அம்மா மாதிரி எழுப்புறீங்க” என்றார். அம்மாவாக இருந்தால் தண்ணீர் ஊற்றியிருப்பேன் என்றேன்.

பதினொன்றாம் வார்டு டாக்டர் நஸ்ரின் நல்ல பெண். போன் அடித்து முடிப்பதற்குள் ஏற்றுவிடுகிறது. அதற்காகக் கூடுதலாக ஒன்றும் அனுப்பவில்லை. முறை என்றால் முறை.

ஜூன் 14

ஒன்பதாம் வார்டில் நான்கு புள்ளிகள் இருக்கின்றன. இரண்டாவது மாடி ஒன்பது, மூன்றாவது மாடி பன்னிரண்டு, இரண்டும் இவர்கள் பொறுப்பு. கிஷோர், ப்ரணவ், சஞ்சய், மாசானமுத்து. இந்த நாலு பேரும் ஒரு குளத்து வாத்துக்கள். ஜன்னலோரப் படுக்கைக்கு ஒருவர் போனால் நாலு பேரும் போகிறார்கள். மூன்றாவது மாடிக்கு ஒருவர் ஏறினால் நாலு பேரும் ஏறுகிறார்கள். இன்று காலை நாலு புள்ளிகளும் சேர்ந்து கழிப்பறைக்குப் போய்விட்டு, சேர்ந்தே திரும்பின. எங்கள் காலத்தில் டாக்டர்களுக்குள் இப்படி ஒற்றுமை கிடையாது.

வேலையும் அப்படித்தான். நாலு பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறேன், நாலு பேரும் ஏறக்குறைய ஒரே அளவு முடிக்கிறார்கள். டீன் கிராஃபைப் பார்த்துவிட்டு டீம் ஒர்க் என்றார். அவருக்கு உற்சாகம் வந்தால் ஏதாவது வாங்கி மாட்டுவார். இந்த முறை ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒரு டி.வி. இந்த வார்டில் பணியில் இருக்கும் மருத்துவர்கள் இத்தனை பேர் என்று அதில் ஓடும். பொதுமக்களுக்கு நம்பிக்கை வரும் என்றார். ஒன்பதாம் வார்டு வாசலில் 4 என்று பெரிதாக ஓடுகிறது. மற்ற வார்டுகளில் ஒன்றோ இரண்டோதான்.

ஜூன் 21

டாக்டர் கிஷோரிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருந்தது. அவர் போனுக்கு அடித்தேன். மாசானமுத்து எடுத்தார். கிஷோர் பாத்ரூம் போயிருக்கான் என்றார். திரையில் கிஷோர் ஆறாவது படுக்கையோரம் நிற்கிறார். சரி, அப்போதுதான் வந்திருப்பார்.

சாயந்தரம் ப்ரணவுக்கு அடித்தேன். மாசானமுத்து எடுத்தார். ப்ரணவ் கையுறை போட்டிருக்கான் என்றார். பிறகு சஞ்சய்க்கு. மாசானமுத்து. அவனும் கையுறை போட்டிருக்கான் என்றார்.

நண்பர்களின் போனைக்கூட எடுத்துப் பதில் சொல்லும் இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவள் கொடுத்துவைத்தவள். வீட்டில் இதைச் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் ரிட்டயர்ட் கண்டக்டர், எதையும் டிக்கெட் கிழித்தது போலத்தான் பேசுவார். “அந்தப் பய டாக்டரா இருக்கானா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாக்கானா?” என்று கேட்டார். இவரிடம் ஆஸ்பத்திரிக் கதை சொல்வதை நிறுத்த வேண்டும்.

ஜூன் 27

இந்த மாதத்தின் சிறந்த மருத்துவர்கள் என்று ஒன்பதாம் வார்டு நால்வருக்கும் சான்றிதழ். டீன் என் அறையிலேயே வைத்துக் கொடுத்தார், பின்னால் திரை தெரிய போட்டோ வரும் என்பதற்காக. கிஷோர், ப்ரணவ், சஞ்சய் மூன்று பேரையும் இன்றுதான் நேரில் பார்க்கிறேன். இஸ்திரி கலையாத கோட், எண்ணெய் வைத்து வாரிய தலை, நன்றாகத் தூங்கிய கண். இவ்வளவு வேலை பார்க்கிற பிள்ளைகள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். லட்டு எடுத்துக்கொண்டார்கள். மாசானமுத்து வரவில்லை. அண்ணன் வார்டில் இருக்கிறார் என்றார்கள். அவருக்கான லட்டை கிஷோர் டிஷ்யூ பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டார்.

போட்டோ எடுக்கும்போது தற்செயலாகத் திரும்பித் திரையைப் பார்த்தேன். என் எதிரில் லட்டு தின்றுகொண்டிருக்கும் மூன்று பேரும் திரையில் ஒன்பதாம் வார்டில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூன்றும் சிவப்பு.

வைஃபையில் ஏதோ கோளாறு. கம்பெனிக்காரர்களிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 28

கம்பெனிக்குச் சொல்லவில்லை. வேலை இருந்தது.

ஜூலை 2

ஒன்பதாம் வார்டு வசந்தா சிஸ்டரிடம் ஒரு டிபன் பாக்ஸ் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. யாரிடமும் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நானே போனேன். லிஃப்ட் வழக்கம்போல ரிப்பேர். இரண்டு மாடி. ஒவ்வொரு படியிலும் எலும்பு டாக்டரை நினைத்துக்கொண்டேன்.

வார்டில் ஒரே ஒரு டாக்டர் இருந்தார். ஒல்லியாக, கழுத்து எலும்பு தெரிய. ஒரு கையால் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டு இன்னொரு கையால் பன் தின்றுகொண்டிருந்தார். கோட்டின் பைகள் இரண்டு பக்கமும் தொங்கின. எதிலோ ஒரு போன் அடித்தது. சரியான பையில் கையை விட்டு, பார்க்காமலே அமுக்கி, மறுபடி எழுதினார். நான்கு போன்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் வார்டு பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் பெயரின் முதல் எழுத்து.

மாசானமுத்து டாக்டரா என்று கேட்டேன். என் குரலைக் கேட்டதுமே அவருக்கு நான் யார் என்று தெரிந்துவிட்டது. ஒரு மாதமாக அவர் காதில் விழுவது அந்தக் குரல்தானே. எழுந்து நின்றார். பன்னை மறைக்க இடம் தேடினார்.

சொன்னார். அவர் ஒரு பாடத்தில் தவறி, ஆறு மாதம் பின்தங்கியவர். அவருடைய செட்டு ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஜூனியர் செட்டில் தனியாக வந்து விழுந்தவரை இந்த மூன்று பேரும் அண்ணே என்று சேர்த்துக்கொண்டார்கள். சாப்பிடக் கூப்பிட்டார்கள், படம் பார்க்கக் கூப்பிட்டார்கள். மூன்று பேருக்கும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வு வருகிறது. லைப்ரரியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். இவர் இந்த வருடம் எழுதவில்லை. ஒருவருக்கு ஒருவர் டியூட்டி பார்த்துக்கொள்வது ஹவுஸ் சர்ஜன்களுக்குள் எந்தக் காலத்திலும் உண்டு, எனக்கும் தெரியும். முன்பு ஆள் இல்லாவிட்டால் இல்லை என்றாவது தெரியும். இப்போது போனைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும்.

நான்தான் கோபப்பட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, நான் பாட்டுக்கு நாலு பேருக்கு நாலு என்று அனுப்பிக்கொண்டே இருந்தேனே என்று.

“நீங்க ஓரவஞ்சனை ஒண்ணும் பண்ணல சிஸ்டர்” என்றார். “சமமாத்தான் அனுப்புனீங்க. நான்தான் நாலு பேரா இருந்தேன்.”

அதைச் சமாதானமாகத்தான் சொன்னார். முறை, நியாயம் என்று பெருமை பீற்றிக்கொண்டு, குளுகுளு அறையில் உட்கார்ந்து ஒரே பிள்ளையை நான்கு பக்கமும் அடித்திருக்கிறேன்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார். சொன்னால் நாலு பேருக்கும் பயிற்சியை நீட்டிவிடுவார்கள், தம்பிமார் அவர் முகத்தில் விழிக்க மாட்டார்கள். நான் பாத்துக்கிடுதேன் சிஸ்டர், பழகிட்டு என்றார்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை கெஞ்சியதால்தான். இறங்கும்போது முழங்கால் வீங்கிவிட்டது. இந்தக் காலை வைத்துக்கொண்டு வார்டில் ஒரு நாள்கூட நிற்க முடியாது. அது வேறு விஷயம்.

ஜூலை 3

நால்வரையும் ஒருவராகக் கணக்கு வைத்து அனுப்பினேன். மீதி வேலை எங்கே போகும்? பக்கத்து வார்டு நஸ்ரினுக்குப் போனது. மதியம் அந்தப் பெண் போன் செய்து, ஒன்பதாம் வார்டில் நாலு பேர் இருக்க, பன்னிரண்டாம் வார்டுக்கு நான் ஏன் சிஸ்டர் போகணும் என்று கேட்டது. சிஸ்டத்தில் ஏதோ கோளாறு என்றேன்.

ஜூலை 5

டீன் வந்தார். சிறந்த மருத்துவர்கள் நால்வரின் கிராஃப் ஏன் இப்படி விழுகிறது என்று கேட்டார். சென்னையிலிருந்து பார்வையிட வருகிறார்கள், திட்டத்தை மற்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோவது இதில்தான் இருக்கிறது என்றார். கிராஃப் நிமிர்ந்துவிடும் சார் என்றேன்.

பழையபடி அனுப்ப ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் கிஷோர் என்ற புள்ளியைத் தொடும்போது, பிளாஸ்திரி ஒட்டிய போன்தான் நினைவுக்கு வருகிறது. முடிந்தவரை லேசான வேலையாகப் பார்த்து அனுப்புகிறேன். லேசான வேலை நான்கு சேர்ந்தால் லேசாக இருக்காது என்பது தெரியாமல் இல்லை.

ஜூலை 8

நாற்காலிக்கு எங்கள் வீட்டுக்காரர் ஒரு மெத்தை வாங்கி வந்தார். நன்றாக இருக்கிறது.

ஜூலை 16

மதியச் சாப்பாடு ஆனதும் பன்னிரண்டாம் வார்டிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. கல்லூரிப் பையன் ஒருவனுக்கு வலிப்பு நிற்கவே இல்லை. மாசானமுத்து புள்ளியைத் தொட்டேன். ஏற்றார். நான்கு புள்ளிகளும் மூன்றாவது மாடிக்கு ஏறின.

பின்னாலேயே ஒன்பதாம் வார்டிலிருந்து ஒன்று. சொரிமுத்து, பஸ் ஸ்டாண்டில் பூக்கடை வைத்திருப்பவர், இதய நோயாளி. மூச்சு முட்டுகிறது. கை பழக்கத்தில் முறைப்படி அடுத்த புள்ளியைத் தொட்டேன். கிஷோர். உடனே ‘ஏற்றேன்’ வந்தது. மாசானமுத்துவுக்கும் கை பழக்கம்தான்: ஒரு கையால் பையனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அடித்ததை எல்லாம் அமுக்கியிருக்கிறார்.

ஏற்றேன் என்று வந்துவிட்டால் அந்த வேலை என் திரையில் கீழே போய்விடும். வேறு யாருக்கும் அனுப்பத் தோன்றாது. நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன். பிரசவ ஆஸ்பத்திரியில் யாருக்கோ தையல் பிரிக்க வேண்டியிருந்தது. அதைக் கவனமாக அனுப்பிவைத்தேன்.

வசந்தா சிஸ்டர் மறுபடி போட்டாள். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறேன், டாக்டர் யாரும் வரவில்லை. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். கிஷோர் மூன்றாவது மாடியில் இருக்கிறார். மற்ற மூன்று பேரும் அங்கேதான். வேறு யாராக இருந்தாலும் நாலு பேரில் ஒருவரைக் கீழே இறக்கு என்று சத்தம் போட்டிருப்பார்கள். எனக்குத்தான் தெரியுமே, இறக்க ஆள் இல்லை என்று.

நஸ்ரினைக் கூப்பிட்டேன். ஓடு, எதையும் கேட்காதே என்றேன். ஓடினாள். ஊசி போட்டு, பெரிய டாக்டரை வரவழைத்து, ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோய் மூச்சுக் குழாய் போட்டுவிட்டார்கள். உயிர் இருக்கிறது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் குழாய் வரைக்கும் போயிருக்காது என்று பெரிய டாக்டர் சொன்னாராம்.

வலிப்பு வந்த பையன் பிழைத்துக்கொண்டான். மாசானமுத்து அவனை விட்டு அசைந்திருந்தால் அவன் போயிருப்பான். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. யார் மேல் சொல்லலாம் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 17

ஐ.சி.யூ. வாசலில் சொரிமுத்துவின் மனைவி உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஈரத் துணி விரித்துப் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தார். சாயந்தர வியாபாரத்துக்குக் கொழுந்தன் வந்து வாங்கிக்கொண்டு போவானாம். கை நிற்கவில்லை, கண் கதவிலேயே இருந்தது.

என் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு என்னிடம் பேசினார். யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

“வாசல் டி.வி.ல நாலு டாக்டர் இருக்காவன்னு போட்டிருந்துச்சும்மா” என்றார். “எனக்கு நம்பர் வாசிக்கத் தெரியும். நாலு பேர் இருக்காவளே, இப்ப வந்துருவாவன்னுதான் சத்தங்காட்டாம உக்காந்திருந்தேன். ஒருத்தருமில்லன்னு தெரிஞ்சிருந்தா நடு வராந்தாவுல நின்னு அலறியிருப்பேன்லா.”

பொதுமக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றுதான் அந்த டி.வி. மாட்டினார்கள். வந்திருக்கிறது.

ஜூலை 18

இன்று எழுத ஒன்றும் இல்லை. மெத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஜூலை 20

சென்னையிலிருந்து ஒரு பெண் அதிகாரியும் இரண்டு கம்ப்யூட்டர்காரர்களும் வந்தார்கள். டீன் புது டை கட்டியிருந்தார். அறையில் ஆறு பேருக்கு மேல் நிற்க இடமில்லை. நான் எழுந்து சுவரோரம் நின்றேன். டீன் திரையைக் காட்டி எல்லாம் விளக்கினார். ஒரு வேலை வந்தது, அனுப்பிக் காட்டினேன். அழகாக நடந்தது. கம்ப்யூட்டர்காரர்கள் தலையாட்டினார்கள்.

அந்த அம்மா மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்பதாம் வார்டில் அந்த நாலு பேர் ஏன் எப்போதும் சேர்ந்தே இருக்கிறார்கள் என்று கேட்டார். இந்த ஒன்றரை மாதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். டீம் ஒர்க் மேடம் என்றார் டீன்.

“நாலு பேர் இல்ல மேடம்” என்றேன். “ஒருத்தர்தான். நாலு போன் வச்சிருக்கார்.”

டீன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுதி என்ன ஆகப்போகிறது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். போன்கள், லைப்ரரி, சொரிமுத்து, அவர் மனைவி வாசித்த நம்பர். அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்ததும் நினைவில் இருந்தது. இருந்தும் சொன்னேன். எப்போதிலிருந்து உங்களுக்குத் தெரியும் என்று அந்த அம்மா கேட்டார். மாத ஆரம்பத்திலிருந்து என்றேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றார்.

“நாற்காலி மேடம்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கால் வலிக்கிறது போலிருக்கிறது, அவருக்கு அந்தச் சேரைப் போடுங்கள் என்றார். ஒரு கம்ப்யூட்டர்காரர் என் நாற்காலியையே என் பக்கம் இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

ஜூலை 24

எல்லாம் முடிவாகிவிட்டது. திட்டம் அபாரம், மற்ற மாவட்டங்களுக்கும் போகிறது. இனி தினமும் போன் வாங்கும்போது டாக்டர்கள் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். காலையில் ஒரு முறை. அதற்குப் பிறகு நம்பிக்கைதான்.

வாசல் டி.வி.யில் நம்பர் ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கை கழுவுவது எப்படி என்று ஓடுகிறது.

நான்கு ஹவுஸ் சர்ஜன்களுக்கும் பயிற்சியை ஒரு மாதம் நீட்டியிருக்கிறார்கள். போனைக் கொடுத்த மூன்று பேருக்கும் ஒரு மாதம், வாங்கிச் சுமந்தவருக்கும் ஒரு மாதம். சமமாகப் பிரித்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. டீனிடம் போய், அவருக்கு எதற்கு சார் என்று கேட்டேன். விதி என்றார். உங்களுக்கும் ஒன்று இருக்கிறது என்று என் ஆர்டரைக் கொடுத்தார். விளக்கம் கேட்டு ஒரு மெமோ, பிறகு ஒன்பதாம் வார்டு. என்னைப் போடுவதற்கு ஆஸ்பத்திரியில் வேறு வார்டே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சொரிமுத்துவுக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். முதலில் கேட்டது தண்ணீரும், கடையைத் திறந்தார்களா என்பதும்.

ஜூலை 26

வார்டு. முழங்காலில் பெல்ட் போட்டுக்கொண்டு நிற்கிறேன். முதல் நாள் என்பதால் வசந்தா என்னை மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் விட்டாள்.

டாக்டர் கிஷோர் தன் போனைத் தானே கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு பெரியவருக்கு டிரிப் ஊசி ஏற்ற வேண்டும். முதல் குத்து வெளியே போனது. இரண்டாவது குத்தில் நரம்பு உடைந்தது. பெரியவர், “தம்பி, இது உங்களுக்கு முதல் தடவையா?” என்று கேட்டார். கிஷோர் இல்லை என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நெற்றி வியர்த்திருந்தது. இவ்வளவு நாளும் இதெல்லாம் அண்ணன்தான் போடுவார் சிஸ்டர் என்று மெதுவாகச் சொன்னார். சான்றிதழ் வாங்கிய கை அது. மூன்றாவது முறை நான் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டேன், ஏறியது.

மாசானமுத்து என்னோடு பேசவில்லை. கேஸ் ஷீட்டை நீட்டினால் வாங்கிக்கொள்கிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. தம்பிமார் மூன்று பேரும் தனியாகப் போய்ச் சாப்பிடுகிறார்கள்.

ஜூலை 30

இன்று பேசினார். மருந்து அலமாரி பக்கத்தில் நின்று, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அப்பாட்ட அடுத்த மாசம் முடிஞ்சிரும்னு சொல்லியிருந்தேன் சிஸ்டர். ஏற்கெனவே ஆறு மாசம் பிந்தினவன். இப்ப மறுபடியும் தள்ளிப்போச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்?”

மன்னிப்புக் கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று நானே பிரித்துச் சொன்னேன்: வாய் திறந்ததற்காக இல்லை டாக்டர், அதற்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு உங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேனே, அதற்காக. அவர் தலையை ஆட்டினார். சரி என்பதா, போங்க என்பதா தெரியவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 3

மதியம் வார்டு அமைதியாக இருந்தது. சொரிமுத்துவை நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவர் படுத்திருந்த ஜன்னலோரப் படுக்கையில் வேறு ஒருவர் படுத்திருக்கிறார்.

மாசானமுத்து எங்கள் மேஜையில் வந்து உட்கார்ந்து கேஸ் ஷீட் எழுதினார். ஒருவருடைய வேலைக்கு மட்டும் எழுதுவதால் சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு என்ன செய்வதென்று தெரியாதவர் போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்படியே மேஜையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது. முகத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது.

கைக்குப் பக்கத்தில் இருந்த போன் அடித்தது. கீழே என் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர் முறைப்படி அனுப்பியிருப்பார். பதினேழாவது படுக்கைக்கு ரத்தம் எடுக்க வேண்டும். ரத்தம் எடுக்க எனக்கும் தெரியும். சத்தம் வராமல் போனை எடுத்தேன். ‘ஏற்றேன்’ அமுக்கினேன். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு போய் எடுத்துவிட்டு வந்து, ‘முடிந்தது’ அமுக்கி வைத்தேன். திரையில் டாக்டர் மாசானமுத்து சுறுசுறுப்பாக வேலை பார்த்திருப்பார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. இருபதாவது படுக்கை, டிரிப் ஊசி. கை தானாகப் போனுக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டு அவர் தோளைத் தட்டினேன்.

பதறி எழுந்தார்.

“யாரோடது சிஸ்டர்?” என்றார்.

“உங்களோடதுதான் டாக்டர்” என்றேன்.

போனைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். பிறகு அமுக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இருபதாவது படுக்கைக்குப் போனார்.